கடைவீட்டை விற்கும் முன்



தீபாவளிச் சாமான் வாங்கக் கிள்ளானுக்குப் போகும் தோட்டத்து மக்கள் தெங்கு கிளானா சாலையின் அஞ்சடியில் நடக்காமல் திரும்புவதில்லை. கூட்டத்தில் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் நாம் மேலே நிமிர்ந்து பார்ப்பது குறைவு. பார்த்தால் தெரியும். கீழே துணிக்கடை, பூக்கடை, மளிகைக் கடை. அவற்றுக்கு மேலே ஒரு சன்னல், சன்னலில் உலரும் துணி. அங்கே ஒரு குடும்பம் குடியிருக்கும், அல்லது ஒரு தையற்காரர் தொழில் நடத்துவார். கீழே கடை, மேலே வீடு. ஆகவேதான் அதற்குக் கடைவீடு என்று பெயர்.

இந்தக் கடைவீடு நம் நாட்டு நகரங்களில் பரவலாகக் காணும் கட்டடம். முகப்பு குறுகலாகவும் உட்புறம் நீளமாகவும் இருக்கும். முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஐந்தடி நடைபாதை. 1822ஆம் ஆண்டில் இராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோது இந்த நடைபாதையை வற்புறுத்தினார். கோலாலம்பூர் 1881ஆம் ஆண்டில் தீக்கிரையான பிறகு, அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் ஆகாது, செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று 1884ஆம் ஆண்டில் சுவெட்டன்ஹாம் கட்டளையிட்டார். அன்று தொடங்கிய வரிசைகளின் வழித்தோன்றல்களே இன்று நாம் காணும் கடைவீடுகள்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், இப்படிப்பட்ட ஒரு கட்டடத்தை விற்பது பற்றியது. "அது முதலாளிமார் விவகாரம், நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். தோட்டத்து ஆசிரியரின் வேலை பாடம் சொல்வதோடு முடிந்துவிடுவதில்லை. மலாயில் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது, பாரம் நிரப்பித் தருவது, "இதில் கையெழுத்துப் போடலாமா, சார்?" என்று கேட்பவருக்கு யோசனை சொல்வது, எல்லாமே நம் வேலைதான். அப்படி வந்த தாள்களில் கடைவீட்டுத் தாள்களும் உண்டு. தோட்டம் கைமாறியபோது கிடைத்த இழப்பீட்டையும் 55 வயதில் எடுத்த ஊழியர் சேமநிதிப் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பட்டணத்தில் ஒரு கடைவீடு வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. எண்ணிக்கையில் குறைவு; ஆனால் அக்குடும்பங்களுக்கு அது ஒன்றுதான் சொத்து.

பல வீடுகளில் கண்டதைச் சேர்த்து ஒரே குடும்பமாக உங்கள் முன் வைக்கிறோம். தந்தை பால்மரம் வெட்டியவர். 1990களில் ஓர் இரண்டு மாடிக் கடைவீட்டை வாங்கினார். கீழே சாப்பாட்டுக் கடைக்காரர் மாதம் 1,900 வெள்ளி வாடகை தருகிறார். மேலே ஒரு குடும்பம் 600 வெள்ளி தருகிறது. தந்தை உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். தாய் இளைய மகளோடு இருக்கிறார். வாடகைப் பணம் முழுவதையும் பிள்ளைகள் மூவரும் தாய்க்கே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மூத்த மகனுக்கு இப்போது பிள்ளையின் மேற்படிப்புக்குப் பணம் தேவை. அந்த நேரம் பார்த்து ஒரு தரகர் வருகிறார். "400,000 வெள்ளிக்கு ஆள் தயார். பழைய கட்டடம், இதற்குமேல் யாரும் தரமாட்டார்கள். இந்த வாரமே கையெழுத்துப் போட்டால் 5,000 வெள்ளி ரொக்கம்" என்கிறார்.

400,000 வெள்ளி என்றதும் தலை சுற்றும். வாழ்நாள் முழுவதும் நாட்கூலி எண்ணிய குடும்பத்துக்கு அது கடல் போன்ற தொகை. ஆயினும் நேயர்களே, ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். எதைக் கொண்டு அளப்பது? அதுதான் இன்றைய பாடம்.

குடியிருக்க வீடு வாங்குபவர் அறை எத்தனை, பள்ளிக்கூடம் பக்கமா என்று பார்ப்பார். கடைவீட்டை வாங்க வருபவரில் பலர் அங்கே குடியிருக்கப் போவதில்லை. அவர் முதலீட்டுக்காக வாங்குகிறார். அவர் பார்ப்பது சுவரையல்ல, வாடகையை. ஒரு பால்மரத்தை உயரத்தைப் பார்த்தா மதிப்பிடுகிறோம்? மங்கில் இறங்கும் பாலைப் பார்த்தே மதிப்பிடுகிறோம். வாடகையே கடைவீட்டின் பால்.

பாலைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. வாளி நிறையப் பால் இருந்தாலும் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஆகவேதான் நிறுவை நேரத்தில் பாலின் எடையோடு நிறுத்தாமல் உலர்ந்த ரப்பரின் விழுக்காட்டையும் சோதித்துக் கணக்கிடுகிறார்கள். வாடகையும் அப்படியே. மாதம் 2,500 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 30,000 வெள்ளி. இது வாளிப் பால். இதிலிருந்து நகராண்மைக் கழகத்துக்கு ஆண்டுக்கு இருமுறை கட்டும் மதிப்பீட்டு வரி, நில அலுவலகத்துக்குக் கட்டும் நிலவரி, தீக்காப்புறுதி, கூரை ஒழுகினால் ஆகும் செலவு, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் மாதங்களின் இழப்பு ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். நம் குடும்பத்துக் கணக்கில் இவை ஆண்டுக்கு 6,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 24,000 வெள்ளி. இதுதான் உலர்ந்த ரப்பர்.

இப்போது வாங்குபவரின் மனக்கணக்கைப் பார்ப்போம். "நான் போடும் ஒவ்வொரு 100 வெள்ளிக்கும் ஆண்டுக்கு எத்தனை வெள்ளி கிடைக்கும்?" என்பதே அவர் கேள்வி. 6 வெள்ளி வேண்டும் என்பவர் இந்தக் கட்டடத்துக்கு 400,000 வெள்ளிதான் தருவார்; 400,000இல் 6 விழுக்காடு 24,000. 5 வெள்ளி போதும் என்பவர் 480,000 வெள்ளி தருவார். 4 வெள்ளிக்கே மனநிறைவு கொள்பவர் 600,000 வெள்ளி வரை ஏறுவார். கட்டடம் ஒன்று, வாடகை ஒன்று, விலை மூன்று! தரகர் சொன்ன தொகை இம்மூன்றில் அடிமட்டத் தொகை. "இதற்குமேல் யாரும் தரமாட்டார்கள்" என்ற பேச்சு எவ்வளவு உண்மை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

எது நியாயமான விலை என்பதை அக்கம்பக்கத்தைப் பார்த்தே அறிய வேண்டும். அதே வரிசையில் அண்மையில் விற்ற கடைவீடுகள் என்ன விலைக்குப் போயின? அரசாங்கத்தின் மதிப்பீடு, சொத்துச் சேவைத் துறை பதிவான விற்பனை விவரங்களை வெளியிடுகிறது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் கட்டணம் செலுத்தி அறிக்கையும் வாங்கலாம். சில நூறோ ஆயிரமோ வெள்ளிச் செலவுக்கு அஞ்சி 80,000 வெள்ளியை இழப்பது சிக்கனமாகாது.

விலையை ஆக்குவது வாடகைதான் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1948ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாளுக்குள் கட்டி முடிந்த கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தி இருந்தது. உரிமையாளர் நினைத்தபடி வாடகையை உயர்த்தவோ, குடியிருப்போரை வெளியேற்றவோ முடியாது. பினாங்கு சியார்ச் டவுனில் வரிசை வரிசையாக இத்தகைய கடைவீடுகள் இருந்தன. 1997ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது. இடைக்கால ஏற்பாடு 1999 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகைகள் உயர்ந்தன. சுவர் மாறவில்லை, ஓடு மாறவில்லை. வாடகை மாறியது, அதனால் கட்டடத்தின் மதிப்பும் மாறியது. அதே வேளையில், பல்லாண்டு குடியிருந்த எத்தனையோ குடும்பங்கள் வீடு தேடி நகரத்தை விட்டுப் போயின என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

ஆகவே விற்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது தம் வாடகையைச் சீர்தூக்கிப் பார்ப்பது. நம் குடும்பத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் பத்து ஆண்டுகளாக அதே 1,900 வெள்ளி கொடுத்து வருகிறார். பக்கத்துக் கடைகள் 2,300 வெள்ளிக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு மாதம் 400 வெள்ளி. ஆண்டுக்கு 4,800 வெள்ளி. 100 வெள்ளிக்கு 5 வெள்ளி என்று கணக்கிடும் முதலீட்டாளருக்கு இந்த 4,800 வெள்ளியின் மதிப்பு 96,000 வெள்ளி! பழகிய முகம் என்று பேசாமல் விட்ட 400 வெள்ளி, விற்கும் நாளில் 96,000 வெள்ளியாகக் குறைந்து நிற்கிறது. முன்கூட்டியே கடைக்காரரோடு உட்கார்ந்து பேசி, இரு தரப்புக்கும் ஒத்துவரும் வாடகையை எழுத்தில் வைத்து, ஓராண்டு ஒழுங்காக வாங்கிய பிறகு விற்பது அறிவுடைமை.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாடகையை உயர்த்திக் காட்டப் பொய் ஒப்பந்தம் எழுதும் சிலரும் உண்டு. வாங்குபவரின் வழக்கறிஞர் வங்கிக் கணக்கைக் கேட்பார். கடைக்காரரை நேரில் கேட்பார். பொய் வெளிப்பட்டால் விற்பனை முறிவதோடு வழக்கும் வந்து சேரும். ஆகவே வாடகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். ரொக்கமாக வாங்கினால் ரசீது கொடுத்து அடிக்கட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, குடியிருப்பவர் பற்றிய செய்தி. கடைவீட்டை இரண்டு விதமாக விற்கலாம். ஆளைக் காலி செய்து விற்பது ஒன்று. இருக்கும் வாடகையாளரோடு சேர்த்தே விற்பது மற்றொன்று. முதலீட்டாளர் பெரும்பாலும் இரண்டாவதை விரும்புவார்; வாங்கிய மாதமே அவருக்கு வாடகை வரும். அப்படி விற்கும்போது நம் கையில் உள்ள வாடகை முன்பணத்தைப் புதிய உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்றாண்டு வரையிலான வாடகை ஒப்பந்தத்தை நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. அதற்கு மேற்பட்டால் அது குத்தகையாகும், பதிவு செய்தாக வேண்டும். எப்படியானாலும் பூட்டை மாற்றியோ, தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்தோ ஆளை வெளியேற்றச் சட்டம் இடம் தரவில்லை. வெளியேற மறுப்பவரை நீதிமன்ற ஆணை பெற்றே வெளியேற்ற முடியும்.

மேல்மாடியை ஒரு நிறுவனம் தன் தொழிலாளர்களைத் தங்கவைக்க வாடகைக்கு எடுத்திருந்தால், தொழிலாளர் துறையின் தங்குமிடச் சான்றிதழை அந்த முதலாளி பெற்றிருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஓர் அறையில் இருபது பேர் படுத்திருக்கும் கட்டடத்தின் வாடகை, கேட்க இனிக்கும். சட்டத்தின் முன் நிற்காது.

நேயர்களே, நம்மைக் கேட்காமல் நாம் வாழ்ந்த இடம் விற்கப்படுவது என்றால் என்ன என்பது தோட்டத்து மக்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வாங்கியவரும் விற்றவரும் ஏக்கருக்கு எவ்வளவு என்று பார்த்தார்கள். லயத்தில் இருந்தவர்களை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தத் துயரத்துக்கு மாற்றாகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தில் 1961ஆம் ஆண்டில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அந்த வரலாற்றைச் சுமந்து வந்த நாம் இன்று விற்பவர் இடத்தில் இருக்கும்போது, மேல்மாடியில் குடியிருக்கும் குடும்பத்திடம் முன்கூட்டியே செய்தி சொல்வது நம் கடமை.

இனி தாள்களைப் பார்ப்போம். முதல் தாள் கிராண்டு என்று நாம் சொல்லும் நிலப்பட்டா. அதில் நான்கு செய்திகளைப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது? நிலையான உரிமையா, ஆண்டு வரையறையுள்ள குத்தகை உரிமையா? நிலத்தின் பயன்பாட்டு வகை 'கட்டடம்' என்று உள்ளதா? மாநில அரசின் அனுமதி இல்லாமல் கைமாற்றக்கூடாது என்ற கட்டுப்பாடு எழுதப்பட்டிருக்கிறதா? குத்தகை உரிமை நிலத்தில் ஆண்டுகள் குறையக் குறைய விலையும் குறையும். வங்கியும் கடன் கொடுக்கத் தயங்கும்.

கீழ்க்கடையை மட்டும் விற்று மேல்மாடியை வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனி அடுக்குமாடிப் பட்டா இருந்தால் முடியும். முழுக் கட்டடத்துக்கும் ஒரே கிராண்டு என்றால் அப்படியே பிரித்து விற்க முடியாது. பின்புறம் தகரக் கூரை போட்டுச் சமையற்கட்டை நீட்டியிருந்தால், அதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி உண்டா என்பதையும் பாருங்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் கண்ணில் அது முதலில் படும்.

நம் குடும்பத்துக் கிராண்டில் இன்னும் தந்தையின் பெயரே இருக்கிறது. காலமானவர் கையெழுத்துப் போட முடியாது. பிள்ளைகள் போட்டாலும் செல்லாது. முதலில் உரிமை கைமாற வேண்டும். உயில் இருந்தால் அதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். உயில் இல்லை, நிலமும் மற்ற உடைமைகளும் சேர்ந்து 50 இலட்சம் வெள்ளிக்கு மேற்படவில்லை என்றால், அது சிறு மரபுச் சொத்து. இந்த வரம்பு 20 இலட்சமாக இருந்து, 2024 சூலை 15ஆம் நாள் முதல் உயர்த்தப்பட்டது. இதற்கு நில அலுவலகம் வழியாகவே விண்ணப்பம் செய்யலாம், செலவும் குறைவு. அதிகாரி வாரிசுகள் எல்லாரையும் அழைத்து விசாரித்துப் பங்கீட்டு ஆணை வழங்குவார். அதற்குப் பின் கிராண்டில் வாரிசுகளின் பெயர்கள் பங்கோடு ஏறும். உயர்நீதிமன்றத்தில் நிர்வாகி ஒருவரை நியமித்துக்கொண்டால், அவர் நிலத்தை விற்பதற்கு மறுபடி நீதிமன்ற அனுமதி பெற வேண்டும்.

பங்கு எப்படி? தீபகற்ப மலேசியாவில் உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதாரின் சொத்து 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி பிரியும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லை, மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் மூன்றில் இரு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. இதில் மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. கல்யாணமாகிப் போன மகளுக்கும் அதே பங்குதான். "நீதான் வேறு வீட்டுக்குப் போய்விட்டாயே, கையெழுத்துப் போட்டுவிடு" என்று தங்கையிடம் கேட்கும் அண்ணன்மார்களும், கேட்ட உடனே போட்டுவிடும் தங்கைமார்களும் இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். விட்டுக்கொடுப்பதென்றால் தெரிந்து, மனமொப்பி விட்டுக்கொடுக்க வேண்டும்.

இப்போது தரகரிடம் வருவோம். சொத்து விற்பனைக்கு இடைநின்று தரகு வாங்குபவர் அரசாங்கச் சட்டப்படி வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவருடைய அடையாள அட்டையைக் கேட்டு, வாரியத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தரகுக் கட்டணம் விலையில் 3 விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது. கிராண்டின் மூலப் பிரதியை அவரிடம் கொடுக்க வேண்டாம்; நகல் போதும். 14ஏ எனப்படும் உரிமைமாற்றப் படிவத்தில் வெறுமனே கையெழுத்திட வேண்டாம். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் நீட்டும் அதிகாரப் பத்திரத்திலும் கையெழுத்திட வேண்டாம். வாங்குபவரின் வழக்கறிஞரையே நாமும் வைத்துக்கொள்ளாமல், நமக்கென்று தனி வழக்கறிஞர் ஒருவரை அமர்த்திக்கொள்ள வேண்டும்.

முறையான விற்பனை இப்படி நடக்கும். விலை பேசி முடிந்ததும் வாங்குபவர் 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் தருவார். விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது முன்பணத்தோடு சேர்த்து 10 விழுக்காடு ஆகும்படி செலுத்துவார். எஞ்சிய 90 விழுக்காட்டை வழக்கமாக மூன்று மாதத்தில் தர வேண்டும். தேவையானால் வட்டியோடு மேலும் ஒரு மாதத் தவணை உண்டு. பணம் வழக்கறிஞர் கையில் சேர்ந்த பிறகே உரிமை முழுமையாகக் கைமாறும். ஆகவே இன்று விற்று நாளை கல்லூரிக் கட்டணம் கட்டிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

வரியும் உண்டு. நிலச்சொத்து ஆதாய வரி என்பது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான ஆதாயத்தின்மீது விழுவது. குடிமக்களுக்கு, வாங்கிய மூன்றாண்டுக்குள் விற்றால் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல் இந்த வரி இல்லை. 2022 முதல் இந்த நிலை. மரபுரிமையாக வந்த சொத்துக்கு எந்த நாளிலிருந்து ஆண்டுகளை எண்ண வேண்டும் என்பதை விற்பதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வரி இல்லையென்றாலும் வருமான வரி வாரியத்துக்கு 60 நாளுக்குள் படிவம் அனுப்ப வேண்டும். உரிமைமாற்ற முத்திரைத் தீர்வை வாங்குபவரின் பொறுப்பு.

கடைசியாக, நம் குடும்பத்தின் கணக்கை முடித்துப் பார்ப்போம். 480,000 வெள்ளிக்கே விற்றார்கள் என்று கொள்வோம். தரகு 3 விழுக்காடு, 14,400 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் முதல் 500,000 வெள்ளிக்கு 1.25 விழுக்காடு என்ற 2023ஆம் ஆண்டு அளவுப்படி 6,000 வெள்ளி. சில்லறைச் செலவுகளை விட்டுவிட்டால், கைக்கு வருவது 459,600 வெள்ளி. தாயின் மூன்றில் ஒரு பங்கு 153,200 வெள்ளி. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 102,000 வெள்ளி. நல்ல தொகைதான்.

ஆனால் தாயின் பக்கம் பாருங்கள். இதுவரை எல்லாச் செலவும் போக மாதம் 2,000 வெள்ளி அவர் கைக்கு வந்தது. இனி அவருடைய பங்கை வங்கியில் நிலையான வைப்பில் போட்டு ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி கிடைத்தால், ஆண்டுக்கு 4,596 வெள்ளி. மாதத்துக்கு ஏறத்தாழ 383 வெள்ளி! 2,000 வெள்ளியில் மருந்தும் சாப்பாடும் பார்த்து, கோயிலுக்கும் பேரப்பிள்ளைக்கும் கொடுத்து, யாரையும் எதிர்பாராமல் இருந்தவர் 383 வெள்ளிக்கு வந்துவிடுகிறார். விலையை மட்டும் பார்த்த கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

அதனால் விற்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கட்டடம் பழுதாகி வருமானத்தை விழுங்கத் தொடங்கினால், கடைத்தெருவே களை இழந்தால், பராமரிக்க ஆளே இல்லையென்றால், விற்பதே நல்லது. ஆனால் விற்பதற்கு முன் வேறு வழியும் உண்டா என்று பாருங்கள். நம் குடும்பத்தில் உடனடித் தேவை மூத்த மகனுக்கு மட்டும்தான். அவருடைய பங்கு ஒன்பதில் இரண்டு. 480,000 வெள்ளி மதிப்பில் அது ஏறத்தாழ 106,700 வெள்ளி. மற்ற இருவரும் அந்தப் பங்கைத் தவணையில் வாங்கிக்கொண்டால், அண்ணனுக்குப் பணம் கிடைக்கும்; கடைவீடும் நிற்கும்; தாயின் வாடகையும் நிற்கும். அது இயலாமல் விற்றே ஆக வேண்டுமென்றால், பிள்ளைகள் தத்தம் பங்கிலிருந்து ஒரு பகுதியைத் தாயின் பெயரில் வைப்பதாகக் கையெழுத்திடும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளட்டும். பணம் பிரிந்த பின் அந்தப் பேச்சை எடுப்பது கடினம். அண்ணன் தம்பி உறவு முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

நேயர்களே, இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளையின் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் ஓராண்டு வாடகையை எழுதுங்கள். மறுபக்கத்தில் ஓராண்டுச் செலவை எழுதுங்கள். மூன்றாம் பக்கத்தில் கிராண்டில் உள்ள பெயரையும், பங்குள்ளவர் பெயர்களையும் எழுதுங்கள். நான்காம் பக்கத்தில், இந்த வாடகையில் இன்று யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். நான்கு பக்கமும் நிறைந்த பிறகு தரகருக்குப் பதில் சொல்லலாம். அவர் அதுவரை பொறுக்கமாட்டார் என்றால், போகட்டும். உண்மையாக வாங்க நினைப்பவர் பொறுப்பார். பதறாத காரியம் சிதறாது.